வழி விடாத லாரி

"காஜா மாமா போயிட்டாகப்பா" என்று போடி ஜீப் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தபோது நான் பூப்பாறையில் என் ஜீப்பிலிருந்து ஆள் இறக்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். மலையிறங்கும் வழியெல்லாம் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏலக்காய் லாரி ஓட்டிய காஜா மைதீனை நம் டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கம் ராவுத்தர் வீட்டாரை மாமா என்போம். அவர்கள் எங்களை மாப்ள என்பார்கள்.

டீசலை மிச்சம் பிடிக்க, நாமெல்லாம் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவோம். அவர் கியரிலேயே முனகிக்கொண்டு இறங்குவார். கட்டைவண்டி என்று கிண்டலடிப்போம். "ஏறுறப்ப குடிச்ச டீசல் எங்கயும் போகல மாப்ள, வண்டிக்குள்ளதான் இருக்கு. எறங்குறப்ப வேகமா வெளிய வரும்" என்பார்.

ஒருநாள் என் மனைவி செல்விக்கு எஸ்டேட்டில் பிரசவ வலி கண்டது. அவளை ஏற்றிக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். போடிமெட்டு தாண்டியதும் பிரேக் குழாய் வெடித்து, பெடல் தரையைத் தொட்டது. கியரைக் குறைக்கப் பார்த்தேன், விழவில்லை. முன்னால் மாமாவின் லாரி. ஹாரனை அழுத்திப் பிடித்தும் ஒதுங்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒதுங்குவதற்குப் பதில் லாரி வேகமெடுத்தது! ஜன்னல் வழியே ஒரு கை நீண்டு, வா வா என்று கூப்பிட்டது.

இரண்டு வேகமும் ஏறக்குறைய ஒன்றானபோது ஜீப்பின் முன்பக்கம் லாரியின் பின்பலகையில் மெல்லப் போய் ஒட்டியது. அப்புறம்தான் அவர் கொஞ்சம் கொஞ்சமாக பிரேக்கை மிதித்தார். வளைவுக்கு முன்னால் இரண்டு வண்டியும் நின்றன. அவர் ஒதுங்கியிருந்தால் அந்த வளைவில் நாங்கள் பள்ளத்துக்குப் போயிருப்போம்.

லாரிச் சக்கரங்கள் புகைந்தன. குனிந்து பார்க்கப் போனேன்.

"அங்கன கை வைக்காத மாப்ள, வெந்துபோகும். ஒன் வேகம் பூராம் அதுக்குள்ளதான் இருக்கு."

"பிரேக் புடிக்காமப் போயிருந்தா நீங்களும்ல போயிருப்பீக மாமா?"

"புள்ள வலியில துடிக்குது, இப்ப என்னடா பேச்சு?" என்று அதட்டிவிட்டு, பின்னால் வந்த ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தி, செல்வியைத் தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டார். அன்று சாயங்காலம் மகள் பிறந்தாள்.

பெருநாள் தவறாமல் பிரியாணித் தூக்குடன் வருவார். வாசலில் நின்று, "பேத்தி எங்கன?" என்று அவளைத்தான் முதலில் கேட்பார். தூக்கை அவள் கையில்தான் கொடுப்பார்.

இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவள்தான்.