இருபத்துநாலு மடங்கு

வெர்லின் டோஃப்டே தன் எழுபத்திரண்டாவது வயதில் முதல்முறையாகத் துப்பாக்கிக்கு ஸ்கோப், அதாவது தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக் குழாய், வாங்க வந்தார். எங்கள் கடையில் ஆணி, பெயின்ட், மாட்டுக்கு ஊசி மருந்து எல்லாம் முன்பக்கம். துப்பாக்கிச் சாமான்கள் பின்பக்கம். பின்பக்கத்துக்கு நான்தான் ராணி. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, தனக்கு இல்லை என்பதுபோல எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

“ஏம்மா டோரீன், இதுல பெருசு எது?”

கண் கெட்ட பிறகா சூரிய நமஸ்காரம் என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். ஸ்கோப் மாட்டியவர்களை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்த மனிதர் அவர். குழலின் முனையில் இருக்கும் இரும்புக் குறி போதும், அதற்கு மேல் கேட்கிறவன் மானைச் சுட வரவில்லை, படம் எடுக்க வந்திருக்கிறான் என்பார்.

அவர் எதற்காக வந்தார் என்பது ஊருக்கே தெரியும். போன வருஷ வேட்டையில் அவர் சுட்ட மான் பின்காலில் அடிபட்டு ஓடியது. அவரும் ஆர்னி ஸ்க்ராமும் இருட்டும்வரை ரத்தச் சுவடு பிடித்துப் போயும் அது அகப்படவில்லை. எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. திரும்பி வரும்போது ஆர்னி சொல்லிவிட்டார்: “துப்பாக்கிக்குக் கண்ணாடி மாட்டு. இல்லன்னா அடுத்த வருஷம் என்கூட வராத.” சொன்னதில் தப்பில்லை. வெர்லினுக்கும் அது தெரியும்.

ஆர்னி அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீடு என்றால் ஓடைப் பள்ளத்துக்கு அந்தப்புறம், ஒரு மைல். நடுவில் புல்லும் காற்றும்தான். வெர்லின் பிறந்ததும் அந்த வீட்டில்தான், மனைவி லோர்னாவை அடக்கம் செய்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்ததும் அந்த வீட்டுக்குத்தான். பிள்ளைகள் இல்லை. முதுகு ஒத்துழைக்காமல் மாடுகளை விற்றார். கோதுமை நிலத்தையும் குத்தகைக்கு விட்டார். ஆர்னியும் தனிக்கட்டைதான். இருந்தாலும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சும்மா போகமாட்டார்கள். கன்று தப்பியிருக்க வேண்டும், இல்லை வேலி அறுந்திருக்க வேண்டும். மாட்டை விற்றபின் வெர்லினுக்கு அந்தச் சாக்கும் போயிற்று. மிச்சம் இருந்தது வேட்டை ஒன்றுதான். அவருக்கு மான் பெரிதில்லை; விடியுமுன் ஆர்னியின் வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்காருவதுதான் பெரிது.

இரண்டு ஸ்கோப்புகளை எடுத்து வைத்தேன். ஒன்று மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும். இந்த ஊரில் பாதிப் பேர் வைத்திருப்பது. இன்னொன்று ஆறிலிருந்து இருபத்துநாலு வரை. இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். துப்பாக்கியில் மாட்டும்வரை அது வெறும் கண்ணாடி, எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். மாட்டிவிட்டால் அது பார்க்கும் இடத்தைத்தான் குழலும் பார்க்கும். அதில் மனிதரைப் பார்க்கவே கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

வெர்லின் பெரியதைக் கண்ணில் வைத்துத் தானியக் கோபுரத்தின் உச்சியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“புறாவோட கண்ணு தெரியுது டோரீன்.”

“மான் அப்படி உக்காந்து போஸ் குடுக்காது. இவ்வளவு கிட்டத்துல காட்டினா உங்களுக்கு முடிதான் தெரியும், மான் தெரியாது. உங்க நாடி துடிச்சாலே படம் ஆடும். சின்னத வாங்கிட்டுப் போங்க.”

“எனக்கு இதுதான் புடிச்சிருக்கு.”

“ஆர்னி பாத்தா சிரிப்பாரு.”

“சிரிக்கட்டுமே. அவன் சிரிச்சுப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

வண்டியிலிருந்து அவர் எடுத்துவந்த பழைய துப்பாக்கியில் அதை மாட்டியபோது, ஒல்லி மாப்பிள்ளைக்குப் பெரிய தலைப்பாகை கட்டியதுபோல இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே திருகாணிகளை முடுக்கிக் கொடுத்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் வெர்லின் ஆளே மாறிவிட்டார். சவரம் செய்த முகத்தோடு கடைக்கு வருவார். காபிப் பானைப் பக்கத்தில் நின்று ஊர்க்கதை பேசுவார். அதில் பாதி ஆர்னியைப் பற்றித்தான். ஆர்னி நேற்றும் முட்டைதான் பொரித்தான், ஆர்னி நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறான் என்பார். பரவாயில்லை, இருவருக்கும் போக்குவரத்து ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் ஆர்னி தோட்டா வாங்க வந்தார். வெர்லின் கையில் காபியோடு நின்றிருந்தார்.

“கண்ணாடி மாட்டிட்டியாமே. எத்தன மடங்கு?” என்றார் ஆர்னி.

“இருபத்துநாலு.”

“எதுக்குடா அவ்வளவு? மானச் சுடப் போறியா, நிலாவுல எறங்கப் போறியா?” ஆர்னி சிரித்தே விட்டார். “சரி, விடியறதுக்கு முன்னாடி ஹாரன் அடிப்பேன். கெளம்பி நில்லு. காபி உன்னுது.”

வெர்லினின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது.

“காபி நான் பாத்துக்கறேன். நீ மாத்திரைய ஒழுங்காப் போடு. டப்பாவத் தொறந்து கையில கொட்டற, கொஞ்ச நேரம் பாக்கற, திரும்ப உள்ளயே போட்டு மூடிடற. ரெண்டு மூணு நாளா இதான பண்ற?”

அவர் அதை அக்கறையாகத்தான் சொன்னார். ஆர்னியின் சிரிப்பு நின்றது.

“நீ என் வீட்டுக்கு வரவே இல்லையே. எங்கருந்து பாத்த?”

“எங்க வராந்தாலருந்து.”

“எதுல?”

வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தார். “தோட்டா இல்லடா. போல்ட்டக்கூடக் கழட்டி ஜேப்புல போட்டுட்டுத்தான் பாத்தேன், அது இல்லாம சுடவே முடியாது. நீ நல்லா இருக்கியான்னு...”

“நான் என் வீட்டு மேசையில உக்காந்து சாப்பிடறேன். நீ என் மேல துப்பாக்கிய வச்சுட்டு உக்காந்திருக்க.”

ஆர்னி குரலை உயர்த்தவில்லை. தோட்டாப் பெட்டியைக் கூட எடுக்காமல் வெளியே போனார். வெளியே அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

“கதவத் தட்டிக் கேட்டா என்ன வெர்லின்? வண்டியில அஞ்சு நிமிஷம்.”

“என்னன்னு சொல்லித் தட்டறது?” என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவன் தட்ட எடுத்து வைக்கறப்போ நானும் வராந்தாவுல என் தட்ட எடுத்து வச்சுக்குவேன். அவன் முடிச்சாத்தான் நானும் முடிப்பேன். சேந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும்.”

எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. துப்பாக்கியால் ஒருவனைப் பார்ப்பது இங்கே மன்னிக்கிற தப்பில்லை, அதில் ஆர்னியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மைலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கிழங்கள் தனித்தனியாக முட்டை பொரித்துத் தின்றுகொண்டு, ஒரு வார்த்தைக்கு வேலி அறுவதற்காகக் காத்திருக்கிறார்களே, அதை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது? அன்று கடையைச் சாத்திவிட்டு மாடிக்குப் போய் நானும் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

விடிந்தது. வெர்லின் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கவில்லை. ஆர்னி தனியாக வடக்கே போனதாகச் சொன்னார்கள். வெர்லின் வேட்டைக்கே போகவில்லை.

அடுத்த வாரம் துப்பாக்கியோடு வந்து மேசைமேல் வைத்தார். “இதக் கழட்டிடு டோரீன்.” முகத்தில் சவரம் இல்லை. நான் திருகாணிகளைத் தளர்த்தினேன். அவர் கை சும்மா இல்லாமல் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

“ஆர்னி ஜன்னல்ல கம்பளி வச்சு ஆணியடிச்சிட்டான்” என்றார்.

அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்கமாட்டார்.

“ஓரத்துல கொஞ்சூண்டு வெளிச்சம் வருது. வீட்லதான் இருக்கான்” என்றார். “சாப்பிட்டானா, இல்லையான்னுதான் தெரியல.”