கத்தி வராது, கொழுந்து வரும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரர் சோலைமலைக்கோ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. எங்கள் இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டு வைத்தவர்களைப் பல நாள் திட்டித் தீர்த்திருக்கிறேன். அந்தப் புண்ணியவான்கள் எங்கே இருந்தாலும் இப்போது நன்றாக இருக்கட்டும்.

ஐம்பதாம் வருஷம் வைகாசியில் மஸ்கெலியாவிலிருந்து லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வாக்கப்பட்டு வந்தேன். எங்கள் அப்பா கவ்வாத்து வெட்டுவதில் பேர் வாங்கியவர். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு தரம் கிளையெல்லாம் வெட்டிக் கட்டையாக விட்டால்தான் மறுபடி நன்றாகத் துளிர்க்கும். அதுதான் கவ்வாத்து. ஆம்பளைக்குக் கவ்வாத்துக் கத்தி, பொம்பளைக்குக் கொழுந்துக் கூடை என்பது தோட்டத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். அப்பாவின் வெட்டு ஒரே இழுப்பு, சாய்ந்து விழும், பட்டை பிசிறாது. ஆம்பளை என்றால் அப்படித்தான் இருப்பான் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

வந்த மறு வாரமே தெரிந்துவிட்டது, என் புருஷனுக்குக் கத்தி வராது என்று. ஒவ்வொரு செடி முன்னாலும் நின்று யோசிப்பார். பயந்து பயந்து வெட்டுவார். கிளை இரண்டாகக் கிழியும், பட்டை உரியும். மற்ற ஆம்பளைகள் பகல் இரண்டு மணிக்கு வேலையை முடித்துக் குளித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் பொழுது சாய வருவார், அதுவும் அரைப்பேரோடு. அரைப்பேர் என்றால் அரை நாள் வேலை செய்ததாகத்தான் பதிவார்கள். கத்தியில் கூர் இல்லை என்று ஒரு தரம் சொல்லிவிட்டாராம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக இருக்கிறதே என்று எங்களை வேலை வாங்குகிற பொன்னையா கங்காணி அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கிறார். அன்றைக்கு நான் போட்ட சண்டையில் லயத்தில் பக்கத்துக் காம்பரா, அதாவது பக்கத்து அறைக்காரர்கள், சோற்றுத் தட்டோடு வந்து நின்று பார்த்தார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. தலவாக்கலைக்குப் போய்ப் புதிய சாணைக்கல் வாங்கி வந்தேன். அப்பா வெட்டியதைப் பார்த்தவள் என்ற திமிரில் லயத்துக்குப் பின்னால் நின்ற கொய்யா மரத்தில் வெட்டிக் காட்டினேன். கொய்யா மரம்தான் செத்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்ததே! கொழுந்து கூடுதலாக வரும் நாட்களில் ஞாயிறு கைக்காசுக்கு, அதாவது நிறுத்த எடைக்கு அன்றைக்கே காசு வாங்கிக்கொள்ள, எடுக்க விடுவார்கள். அன்றைக்கு ஆம்பளை, பொம்பளை, பிள்ளைகுட்டி எல்லோரும் மலையில் இறங்கலாம். எடுத்ததை வீட்டுக்கு ஒரு பேரில் நிறுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஞாயிறு கொழுந்து கிள்ளும் ஆம்பளையை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதே ஆம்பளை திங்கட்கிழமை கூடையைத் தொட்டால் மானம் கப்பலேறிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என் புருஷன் வேறு ஆள். இரண்டு கையும் செடி மேலே ஓடும். கண் பார்க்கிறதா, விரலே பார்க்கிறதா என்று தெரியாது. இரண்டு இலையும் மொட்டும் மட்டும் வரும், ஒரு முற்றல் இலை இருக்காது. கத்தி பிடித்தால் யோசிக்கிற அதே மனுஷன் அங்கே யோசிக்கவே மாட்டார். முகம்கூட மாறிவிடும். பக்கத்து நிரையில் நின்று அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். கடவுள் கொடுத்ததுதான் கொடுத்தார், அதை ஆம்பளை வேலையில் கொடுத்திருக்கக் கூடாதா?

ஐம்பத்துநாலாம் வருஷம் சித்திரைக் கொழுந்துக்குத் தோட்டத்துத் துரை ஒரு போட்டி வைத்தார். சித்திரை, வைகாசி இரண்டு மாதத்தில் ஆகக் கூடுதலாகக் கொழுந்து போடுகிற பொம்பளைக்கு, மலையில் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள ஒரு கம்பளி. எங்கள் மலையிலேயே கை வேகமான அம்மாக்கண்ணு அக்கா மற்ற நாளில் என்னைவிட ஒரு படி மேலேதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் சாக்குச் சாக்காகக் கொட்டினாரே, எல்லாம் என் பேரில் ஏறியது. கம்பளி எனக்குக் கிடைத்தது. பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்தில், துரை அதை என் கையில் கொடுத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். இவரும் பின்னால் நின்று தட்டினார். யாருடைய விரல் சம்பாதித்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கறுப்புக் கம்பளி, நல்ல கனம், இரண்டு பருவ மழைக்கும் தாங்கும்.

அந்த ஐப்பசியில்தான் விதி வந்தது. ஆவணியில் இவர் வெட்டிய செடிகளில் பாதி துளிர்க்காமல் கருகி நின்றதைத் துரை பார்த்துவிட்டார். மறுநாள் பெரட்டில் இவரை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். பேரை வெட்டச் சொல்லித் துரை கங்காணியிடம் சொன்னார். பேரை வெட்டிவிட்டால் வேலை மட்டுமா போகும்? காம்பராவைக் காலி பண்ண வேண்டும். என் வயிற்றில் அப்போது பூரணி ஐந்து மாதம்.

இவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நாலு வருஷத்தில் அவர் நாலு பேர் நடுவில் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"எனக்குக் கத்தி வராதுங்க தொரை. எத்தன வருசம் வச்சிருந்தாலும் வராதுங்க. கொழுந்து வரும். பொம்பளைங்களோட நெரையில நிக்கிறேன், பொம்பளச் சம்பளமே குடுங்க."

களமே சிரித்தது. துரைக்குக் கங்காணி எடுத்துச் சொன்ன பிறகு அவரும் சிரித்தார். ஆம்பளை என்ன கொழுந்து எடுத்துவிடப் போகிறான், சாட்சி யார் என்று கங்காணி கேட்டார். நான் சாட்சி. சாட்சியே என் தலை மேலேதான் இருந்தது, அந்தக் கம்பளி. அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஊரையே விலை பேசுகிற இந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. என் புருஷன் கூடை தூக்குவான் என்று என் வாயாலேயே எப்படிச் சொல்லுவேன் என்ற வெட்கம். இவர் என் பக்கம் ஒரு தரம் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார், என் பேரை இழுக்கவில்லை. நல்ல வேளை, காய்ச்சலில் பாதிப் பொம்பளைகள் படுத்திருந்தார்கள், கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஒரு நாள் பார், தேறாவிட்டால் போ என்று துரை சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். தான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் நாலு வருஷமாகத் தெரியும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு மனசு இல்லை. அப்பாவின் கத்தியை இவர் கையில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலையில் மலையில் இன்னொரு சங்கடம். அவருக்குக் கூடை இல்லை. ஞாயிறுகளில் சாக்கில்தான் எடுப்பார், ஆனால் இன்றைக்குத் தேற வேண்டுமே, சாக்கு கையின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். ஒரு பொம்பளை தன் கூடையை ஆம்பளை தலைக்குக் கொடுக்க மாட்டாள், அது ராசிக்கு ஆகாது என்பார்கள். கேட்டுப் பார்த்தார், எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் என் கூடையைக் கழற்றினேன். அத்தனை பேர் பார்க்க அவர் முதுகில் வைத்துக் கயிற்றை அவர் தலையில் மாட்டினேன். மழை தூற ஆரம்பித்திருந்தது. கம்பளியையும் எடுத்து அவர் தலையில் போட்டேன்.

"சித்திரையில நான் வாங்குன கம்பளி இவரு எடுத்த கொழுந்துக்குத்தான். அம்மாக்கண்ணு அக்கா, ஒங்கள நான் ஜெயிக்கல, இவருதான் ஜெயிச்சாரு," என்றேன்.

அம்மாக்கண்ணு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தனக்குப் பக்கத்து நிரையைக் காட்டி, "வாங்கண்ணே, அந்த வெரலு எப்படித்தான் ஓடுதுன்னு இன்னைக்காவது பக்கத்துல நின்னு பாக்குறேன்," என்றாள்.

அன்றைக்கு நான் சாக்கில் எடுத்தேன். அவர் என் கூடையை மூன்று தரம் நிரப்பிக் கொட்டினார். சாயங்காலம் நிறுவையில் தட்டு இறங்கியதைப் பார்த்துப் பொன்னையா கங்காணி மறுபடி நிறுக்கச் சொன்னார். மறுபடியும் அதே றாத்தல். கங்காணி முழுப்பேர் போடச் சொன்னார்.

அதற்கப்புறம் எல்லாம் சுகம்தான் என்று சொன்னால் நீங்கள் நம்பவும் வேண்டாம். ஆம்பளைகள் அவருக்குச் ‘சோலையம்மா’ என்று பேர் வைத்தார்கள். பெரட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேலி. எனக்கு ரத்தம் கொதிக்கும், ஊரார் வாயை உலைமூடியால் மூட முடியுமா? அவரோ கூப்பிட்டால் திரும்பி, "என்னாங்க?" என்று கேட்பார். கோபமும் இல்லை, குழைவும் இல்லை, சொந்தப் பேரைக் கூப்பிட்ட மாதிரி. கூப்பிட்டவர்களுக்கே சலித்துவிட்டது. வீட்டில்தான் எனக்குப் புது மனுஷன் கிடைத்தார். சோற்றுக்கு உட்கார்ந்தால் பேச்சு வந்தது. பூரணி பிறந்த பிறகு அவளிடம் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. இத்தனை வார்த்தையை இந்த ஆள் எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு ஆச்சரியம். கத்தியோடு மல்லுக்கட்டியதில் அத்தனையும் உள்ளேயே கிடந்திருக்கிறது.

பத்து வருஷம் போனது. போன மாசம், கவ்வாத்து வெட்டி எழும்பிய மலையில் முதல் கொழுந்து எடுக்கிற நாள். முதல் கைப்பிடியைக் கைராசிக்காரி ஒருத்திதான் கிள்ளி, விளைச்சல் பெருகட்டும் என்று ‘பொலி’ சொல்லிக் கூடையில் போடுவாள், மற்றவர்கள் சேர்ந்து சொல்லுவார்கள். எத்தனையோ வருஷமாக அது அம்மாக்கண்ணு அக்காதான். இந்த முறை அவள் தள்ளி நின்றுகொண்டு இவரைப் போடச் சொன்னாள். ஒரு பொம்பளையும் மறுக்கவில்லை. இவர் கூச்சத்தோடு கிள்ளி, "பொலி," என்றார். மலை முழுக்கப் "பொலியோ பொலி" என்று எழும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு இறங்கும்போது நல்ல மழை. அந்தப் பழைய கம்பளிதான், நூல் நூலாகிவிட்டது, இரண்டு பேரும் அதையே தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தோம். பத்து வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, அன்னைக்குத் தொரை முன்னால சாட்சி யாருன்னு கேட்டாங்களே. சித்திரைக் கொழுந்த எடுத்தது நான்தான்னு நீங்களே சொல்லியிருக்கலாமில்ல? பேரு வெட்டப் போற நேரத்துலகூட ஏன் சொல்லல?"

அவர் கம்பளியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

"சொன்னா கம்பளிய வாங்கிருவாங்களே, லெச்சுமி. மாசமா இருந்த. ஒனக்குக் குளிருமேன்னுதான்."