ஆமென் சொல்லாத ஜெபம்

எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணுவது என் மனைவியின் வேலை, ஆமென் சொல்வது என் வேலை. இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி உட்காருவோம். மீன்குழம்பு வாசனை மூக்கைத் துளைக்கும். அவளோ நிதானமாக, ஊரில் இருக்கும் என் அம்மாவின் மூட்டுவலியில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டுப் பையனின் பரீட்சை, கடலுக்குப் போனவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவாள். கடைசியில் நான். "இவருக்குக் கொஞ்சம் பொறுமையைத் தாரும்." அவள் மூச்சு விடுவதற்குள் நான் ஆமென் போட்டுவிடுவேன்.

"ரயிலைப் பிடிக்கவா போறீங்க?" என்பாள்.

தொண்ணூறுகளில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஒரு மழைக்காலத்துக் காலையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் விழுந்த சோப்பை எடுக்கக் கையை விட்டாள். நல்ல பாம்பு. புறங்கையில் இரண்டு பல் பட்டிருந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றார்கள் எல்லோரும். எதிர்வீட்டு வாடகைக் காரில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

காரில் அவள் அழவில்லை. ஜெபம் பண்ண ஆரம்பித்தாள், அதே வரிசையில், என் அம்மாவின் மூட்டிலிருந்து. இந்த நேரத்தில் என் அம்மாவின் மூட்டு யாருக்கு வேண்டும் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் டிரைவர் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவள் இமைகள் சரிவதைப் பார்த்தேன். "கடலுக்குப் போனவங்களை..." என்றவளுக்கு நாக்கு குழறியது. அப்புறம் சத்தமே இல்லை.

பழக்கதோஷத்தில் ஆமென் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். சொன்னால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பட்டது.

"அம்மா பேச்சு நின்னுபோச்சா?" என்றார் டிரைவர். "நீ பேசிக்கினே இரு சார், வுட்றாத. இதோ செங்கல்பட்டு வந்துகினே கீது."

அவள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டேன். "கடலுக்குப் போனவங்களைப் பத்திரமாகக் கரைசேர்த்தருளும்." இத்தனை வருஷம் குழம்பை நினைத்துக்கொண்டு கேட்டதெல்லாம் அவள் குரலிலேயே வந்தது. எனக்குப் பொறுமையைக் கேட்டேன். அடுத்த வரி என்ன? தேடினேன். அடுத்த வரி கிடையாது. அத்தனை வருஷ ஜெபத்தில் அவளுக்கென்று அவள் ஒரு வரியும் வைத்துக்கொள்ளவில்லை. நானே சொல்ல வேண்டியிருந்தது. "இவளை எடுத்துக்கொள்ளாதேயும், கர்த்தாவே. என்னால் தனியாக இருக்க முடியாது." அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் வைத்து மூச்சு கொடுத்தார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார் டாக்டர். வராந்தாச் சுவரோரம் உட்கார்ந்து, மூட்டுவலியிலிருந்து நான் சேர்த்த வரிவரை திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆமெனை மட்டும் தொடவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பயத்தோடு நான் தனியாக இல்லை, யாரோ கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தினால்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் குழாயை எடுத்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். முகம் வீங்கிக் கிடந்தாள்.

"ஜெபம் பண்ணீங்களா?" குரல் தேய்ந்திருந்தது.

"பண்ணிட்டுத்தான் இருக்கேன். இன்னும் முடிக்கல."

"சொல்லுங்க, கேக்கறேன்." கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குத் திக்கென்றது.

அம்மாவின் மூட்டிலிருந்து ஆரம்பித்தேன். நிதானமாகத்தான் சொன்னேன். "இவளை எடுத்துக்கொள்ளாதேயும்" என்ற இடத்துக்கு வந்தேன். நான் முடிப்பதற்குள் அவள் ஆமென் போட்டுவிட்டாள்.