தொட்டிக்குப் போட்ட சர்க்கரை

ஊர்க்குப்பையெல்லாம் வந்து குவியும் மேட்டின் அடியில், வட்டமான ஒரு சிமென்ட் தொட்டியை இருபத்திரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டு அழுகிறார் அவர். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர் தொட்டிக்காரர். மழை குப்பைக்குள் இறங்கிக் கறுப்பாகக் கசியும். அந்தக் கசிவுநீரைத் தொட்டியில் விட்டு, காற்றை ஊதி, அதிலுள்ள அழுக்கைக் கிருமிகளுக்குத் தீனியாகக் கொடுத்து, தெளிந்ததை ஓடையில் திறந்துவிட வேண்டும். ஓடை போய்ச் சேருகிற இடத்தில் அவருடைய அக்காவின் மீன் குளம். "நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்று சொல்லி அக்காவைக் குளம் வெட்ட வைத்ததும் சாட்சாத் இவர்தான்.

அப்போது குப்பை புதுசு. கசிவுநீர் புளித்து நாறும், அமிலம் கையைக் கடிக்கும். ஆனால் கிருமிகளுக்கு அதுதான் விருந்து. தொட்டி கொழுகொழுவென்று நுரை தள்ளும். பதினைந்து வருடம் போனதும் புளிப்பு நாற்றம் அடங்கியது. மேடு திருந்திவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். திருந்தியது, கிழித்தது. தின்னக்கூடியதையெல்லாம் குப்பை தனக்குள்ளேயே செரித்து முடித்துவிட்டது, அவ்வளவுதான். மிச்சம் வடிந்தது எந்தக் கிருமியும் சீண்டாத கறுப்புச் சாயமும், மூத்திர நெடி வீசும் அம்மோனியாவும். அந்த அம்மோனியா மட்டும் குறைகிற வழியாக இல்லை.

தொட்டி வெளிறிப் போனது. அவர் இன்ஜினியரிடம் போய் நின்றார்.

"சார், பூச்சியெல்லாம் பட்டினி கிடக்குது. பழைய குப்பைத் தண்ணிக்கு இந்தத் தொட்டி ஒத்துவராது. அம்மோனியாவ எடுக்கத் தனியா மெஷின் வைக்கணும்."

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன். தொட்டி செத்துக் கிடந்தா மெஷின் வராது, உங்க வேலைதான் போகும்."

அவர் பயந்துவிட்டார். பயந்தவர் வீட்டுச் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினார். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மறுநாள் மூட்டையாகவே வாங்கினார்.

"இவ்ளோ சர்க்கரையும் எங்கங்க போகுது? எறும்பா திங்குது?" என்றாள் மனைவி.

"எறும்பு இல்ல, பூச்சி."

நாலே நாளில் தொட்டி பழுப்பேறி நுரைத்தது. வந்த அதிகாரி ஒரு கண்ணாடிக் குடுவையில் மொண்டு பார்த்து, சேறு அழகாகப் படிகிறது என்று மெச்சினார். அவருடைய படிவத்தில் அம்மோனியாவுக்குக் கட்டமே கிடையாது. ஜம்மென்று ஓடும் தொட்டிக்குப் புது மெஷின் எதற்கு என்று எழுதி, ஃபைலை மூடினார். கீழே தொட்டிக்காரர் கையெழுத்துப் போட்டார். வருடத்துக்கு இரண்டு தடவை, நாலு வருடம், இதே கூத்து.

ஐந்தாவது கோடையில் ஓடை சுருங்கி, வடிகிற அம்மோனியாவை நீர்க்க வைக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. ஒரே காலையில் குளத்து மீன் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன. அக்கா ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு நேரே ஆபீசுக்கு வந்தாள். இன்ஜினியர் அசரவில்லை. ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

"தண்ணியில ஒரு குறையும் இல்லம்மா. பாருங்க, உங்க தம்பி கையெழுத்து."

அக்கா காகிதத்தைப் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"நீ சொல்லுடா. தண்ணி நல்ல தண்ணியா?"

உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும். ரிடையராக மூன்று வருடம் இருந்தது.

"நல்ல தண்ணிதான்க்கா."

அக்கா வாளியை அவர் காலடியில் வைத்தாள்.

"அப்போ இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஆக்கித் தின்னு."

அவள் போனபின் அவர் வாளியோடு மேட்டில் ஏறி மீன்களைக் குப்பையில் கொட்டினார். அக்கா அதோடு அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு வாரம் முன்னால் சர்க்கரை மூட்டை வீட்டுக்கு வந்து இறங்கியது. எறும்பா, பூச்சியா என்று மனைவி இந்தத் தடவை கேட்கவில்லை.