நகராத இட்லி

முந்தின நாள் மத்தியானம் நான் தின்ற கீரை மறுநாள் காலை வாந்தியில் அப்படியே வந்தது. இலைகூடக் கரையவில்லை. ஒரு காய்ச்சல் வந்து போன பிறகு ஆரம்பித்த தொல்லை இது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு முட்டிக்கொள்ளும். மூன்றாவது பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்றார்கள் அக்கம்பக்கத்தில். பிறகு, இளைப்பதற்காகப் பட்டினி கிடக்கிறாள் என்றார்கள்.

என் மாமியாருக்குத் தெரிந்த மருந்து ராகிக் களி. "களி உள்ள போனா எல்லாம் சரியாப் போயிடும்" என்று உருண்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். நான் வாந்தியெடுக்க எடுக்க, அவர் இன்னும் பெரிதாகப் பிடித்தார்.

கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டர் ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். ஏதோ மருந்து கலந்த இட்லியைத் தின்னக் கொடுத்து, மணிக்கொரு தடவை வயிற்றைப் படமெடுத்தார்கள். நாலு மணி நேரம் கழித்தும் பாதி இட்லிக்கு மேல் வயிற்றிலேயே கிடந்தது.

"அடைப்பு ஒண்ணும் இல்லம்மா. சாப்பாட்டைக் கீழ தள்ளுற வேலையை உங்க வயிறு சரியாச் செய்யல. கேஸ்ட்ரோபரேசிஸ்னு பேரு" என்றார் டாக்டர்.

"எப்ப சார் சரியாகும்?"

"முழுசாச் சரியாகும்னு சொல்ல முடியாது. சமாளிக்கலாம். களி, கீரை, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். குழைவா, கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை சாப்பிடுங்க."

வெளியே வந்து அழுதேன். பயத்தினால் அல்ல. நான் நடிக்கவில்லை என்று அந்தப் படமாவது சொன்னதே, அதற்காக.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தக்காளித் தோட்டம். பறிப்பதும் மண்டிக்குக் கொண்டுபோவதும் என் பொறுப்பு. அந்த வருஷம் உறவுக்காரர் வீட்டுக் கெடா விருந்தில், கணவரின் அக்கா பந்தி நடுவிலேயே தம்பியிடம் ஆரம்பித்தார்.

"ஒரு உருண்டை களி முழுங்க முடியாதவ என்ன தோட்டம் பாக்கறது? குத்தகைக்கு வுட்டுட்டு வூட்ல கெடக்கச் சொல்லு."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"வயிறுதான் அண்ணி கெட்டுப்போச்சு. கை காலு நல்லாத்தான் இருக்கு. நாளைக்குக் காலையில வாங்க, என்னோட சேந்து தக்காளிக் கூடை தூக்குங்க. அப்புறம் பேசலாம்."

மாமியார் உள்ளே போய், ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சோற்றைக் கிண்ணத்தில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தன் மகளிடம், "அவளுக்கு இதுதான்டி சாப்பாடு. நீ உன் இலையப் பாரு" என்றார்.

அண்ணி மறுநாள் வரவில்லை. நான் தோட்டத்துக்குப் போனேன்.

குணமாகிவிட்டதா என்றால், இல்லை. மாத்திரையோடு சில மாதம் நன்றாக ஓடும். திடீரென்று ஒரு வாரம் தண்ணீர்கூட உள்ளே தங்காது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறும். எழுந்து நடக்க முடிந்ததும் மண்டிக்குப் போய்விடுவேன். ஏலத்துக்கு நடுவிலேயே டப்பாவைத் திறந்து நாலு ஸ்பூன் தயிர்சாதம் சாப்பிடுவேன்.

"ஏம்மா, வெலை பேசற நேரத்துல சோறா?" என்றார் ஒரு வியாபாரி.

"உங்க ஏலம் முடியற வரைக்கும் என் வயிறு காத்திருக்காதுங்க" என்றேன், மென்றுகொண்டே.

போன மாம்பழ சீசனில் ஆசை தாங்கவில்லை. என்ன ஆகும் என்று தெரிந்தேதான் ஒரு பழத்தில் பாதியைத் தின்றேன். மறுநாள் முழுக்க வெறும் கஞ்சித் தண்ணி. அந்தப் பாதிப் பழத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. மீதிப் பழங்களை மாமியார் ஒளித்து வைத்துவிட்டார். எங்கே என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.