வெயில் பீரியடும் மழை பீரியடும்

பள்ளிக்கூடத்தில் கூரையில்லாத வகுப்பு எடுப்பவர்கள் பி.டி. டீச்சர்கள் மட்டும்தான். மற்ற டீச்சர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கிற வெயிலையும் மழையையும் நாங்கள் தலையில் வாங்குவோம். திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த மைதானத்திலேயே தலை நரைத்துவிட்டது. என்னைப் போல விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காய்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்கள், உங்கள் விளையாட்டு பீரியடைக் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொண்ட நாளை நினைத்துக்கொண்டு படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சிதான்.

ஆடிக் காற்று

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இருந்த ஒரே எதிரி ஆடிக் காற்று. காலையில் சுண்ணாம்புத் தூள் தூவி கோ-கோ விளையாட்டுக்குக் கோடு போடுவேன். பிள்ளைகள் வந்து நிற்பதற்குள் தூள் பறந்துபோய்க் காம்பவுண்டுச் சுவரில் படிந்திருக்கும். கண்ணில் மண் விழும், ரிப்பன் அவிழும், நான் ஊதுகிற விசில் எனக்கே கேட்காது. ஆனாலும் அந்தக் காற்றில் ஒரு சுகம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பிள்ளைகளை ஓடவிட்டாலும் வியர்வை அந்தக் காற்றிலேயே காய்ந்துவிடும். ஆடியில் காற்று, ஐப்பசியில் மழை, தை பிறந்தால் விளையாட்டு விழா. வானம் அநேகமாகச் சொன்ன சொல் தவறாது. அதை நம்பித்தான் வருஷத் திட்டம் போடுவேன்.

ஒருநாள் மறுபடி மறுபடி கோடு போட்டு அலுத்து, "எல்லாரும் கோட்டுல போய் நில்லுங்கடி" என்று கத்தினேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், கோடு அந்தச் சுவத்துல இருக்கு. அங்க போய் நிக்கவா?"

நிழல் இல்லாத ஜூன்

மைதானத்தின் மூலையில் ஒரு வேப்பமரம் இருந்தது. எனக்கு அதுதான் ஸ்டாஃப் ரூம். பந்துப் பையும் தண்ணீர்க் குடமும் அதன் அடியில்தான் இருக்கும். ஓடி முடித்த பிள்ளைகள் அங்கே வந்து விழுவார்கள். பழுத்த வேப்பம்பழத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு, கசக்கிறது என்று என்னிடமே வந்து புகார் சொல்வார்கள்.

கோடை மழைக்கு முன்னால் காற்று அடிப்பது வழக்கம்தான். ஆனால் சில வருஷங்களுக்கு முன் மே விடுமுறையில் அடித்தது வேறு மாதிரிக் காற்று. கால் மணி நேரம்கூட இருக்காது. சைக்கிள் ஷெட்டின் தகரம் ரோட்டுக்குப் போய்விட்டது. மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெயில் அதிகம் என்று பள்ளி திறப்பதையே அந்த வருஷம் தள்ளிவைத்தார்கள். திறந்த அன்று விளையாடி முடித்த பிள்ளைகள் பழக்கத்தில் அந்த மூலைக்கே ஓடிப்போய், பட்டப்பகல் வெயிலில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற வாட்ச்மேன் சவரி அண்ணன் சொன்னார்: "மரம் இல்லன்னு வெயிலுக்குத் தெரிஞ்சுபோச்சு டீச்சர். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் இன்னும் தெரியல."

மகேஸ்வரி

மகேஸ்வரி ஹாஸ்டல் பிள்ளை, ஊர் சோழவந்தான் பக்கம். எண்ணூறு மீட்டரில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. ஒரு மாசி மாதம், போட்டிக்காக அவளை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பத்துதான். மாசியில் பத்து மணி வெயில் அதுவரை யாரையும் ஒன்றும் செய்ததில்லை. இரண்டாவது சுற்றில் அவள் கோட்டை விட்டு விலகி, எங்கேயோ பார்த்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தாள். ஓடிப்போய்த் தொட்டேன். உடம்பு அடுப்பு மாதிரிக் கொதித்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. "மிஸ், மணி அடிச்சிருச்சா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டாள். வராண்டாவுக்குத் தூக்கிவந்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துண்டு போட்டு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். சாயங்காலம்தான் என்னை அடையாளம் தெரிந்து சிரித்தாள்.

அவள் அப்பா பஸ் பிடித்து வந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கிறவர். பிள்ளையைக் கையோடு கூட்டிப்போய்விடுவார், இனி ஓட்டமும் கிடையாது, படிப்பும் கிடையாது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் மகளின் தலையைத் தடவிவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "வெத்தலைக்கே அகத்தி நட்டு நெழல் குடுக்குறோம் டீச்சர். எம்பிள்ளைய ஓட விடுங்க, ஆனா வெயிலு ஏறுறதுக்கு முன்னாடி ஓட விடுங்க."

முதல் பீரியட்

அதற்குப் பிறகு தலைமையாசிரியை சிஸ்டர் டைம்டேபிளையே மாற்றினார். விளையாட்டு எல்லாம் காலை முதல் பீரியடில். கணக்கு மத்தியானத்துக்குப் போய்விட்டது. கணக்கு டீச்சர் ரோஸ்லின் என் தோழிதான். பரீட்சை வந்தால் என் பீரியடை முதலில் கேட்டு வாங்குவதும் அவள்தான். புது டைம்டேபிளைப் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள். "இம்புட்டு வருஷமா உன் பீரியட நான் எடுத்தேன். இப்ப வெயில் வந்து என் பீரியட உனக்கு எடுத்துக் குடுத்துருச்சுடி."

எலுமிச்சம்பழம்

தை மாதத்தில் மழை வராது என்று நம்பித்தான் அடுத்த வருஷமும் பந்தல் போடாமல் விளையாட்டு விழா வைத்தோம். ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடும் போட்டிக்குக் குட்டிப் பிள்ளைகள் தயாரானபோது நாகமலைப் பக்கம் வானம் லேசாகக் கறுத்திருந்தது. விசில் ஊதினேன். பிள்ளைகள் பாதி தூரம் போவதற்குள் வாளியைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. மேடையில் இருந்தவர்கள் ஒரு பக்கம், பெற்றோர்கள் ஒரு பக்கம் ஓட, கோப்பைகளை அணைத்துக்கொண்டு நானும் வராண்டாவுக்கு ஓடினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு பார்த்தால், கொட்டுகிற மழையில் ஒரு பொடிசு மட்டும் வாயில் ஸ்பூனைக் கடித்தபடி அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தது. படியேறி என் முன்னால் வந்து நின்று, பழத்தைக் கையில் எடுத்துவிட்டுக் கேட்டது: "மிஸ், கீழ விழல. நான்தான ஃபர்ஸ்ட்டு?"

கடைசிப் பிள்ளை

முன்பெல்லாம் ஐப்பசி மழை நசநசவென்று நாள்கணக்கில் பெய்யும். பிள்ளைகள் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போவார்கள், யாரும் பயந்ததில்லை. போன தடவை அப்படியில்லை. மாதம் பூராவும் காய்ந்துவிட்டு, ஒரே மத்தியானத்தில் மொத்தமும் வந்து இறங்கியது. ரோட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், பஸ் இல்லை, போன் கிடைக்கவில்லை. அறிவியல் எடுக்கும் ஞானம் டீச்சர் ஜன்னலோரம் நின்று, "பூமி சூடாக ஆகக் காத்து தண்ணிய நெறையாப் பிடிச்சு வச்சுக்கும். விடும்போது மொத்தமா விட்டுரும்" என்றார். பாடத்தில் வருவதுதான், கேட்டுக்கொண்டே ஜன்னல்களைச் சாத்தினேன்.

பிள்ளைகளை ஹாலில் உட்காரவைத்துப் பந்து விளையாடவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வர, கடைசியில் செல்வி என்கிற பிள்ளை மட்டும் மிஞ்சினாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் வீடு. அம்மா பலசரக்குக் கடையில் பொட்டலம் போடுகிறவர். கண்மாய் உடைந்துவிட்டதாக யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அதைச் செல்வியும் கேட்டுவிட்டாள். அழவில்லை, பந்தை மட்டும் கீழே வைக்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் இடுப்புவரை நனைந்த சேலையோடு அவள் அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கண்மாய் உடையவில்லையாம், கரை வழிந்துதான் போகிறதாம். "இம்புட்டுத் தண்ணில எப்படிம்மா வந்தீங்க?" என்று பதறினேன். அவர் மகளை இடுப்போடு சேர்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க பிள்ளையோட இருப்பீங்கன்னு தெரியும் டீச்சர். அதான் விழுந்தடிச்சு ஓடாம, பாத்துப் பாத்து நடந்து வாரேன்."

இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன், பிரிவு உபசார விழாவை மைதானத்தில் வைக்கலாமா என்று ஆசையாகக் கேட்டார்கள், எந்த மாத வானத்தையும் இனி நம்ப முடியாது, ஹாலே போதும் என்று சொல்லிவிட்டேன்.