மதகுக் கல்லில் போட்ட அரைக்கோடு

வயதானவர் வேலைக்கு ஆகமாட்டார் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது. ஏன் என்று பிள்ளைகள் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வடகரப்பதிப் பக்கத்தில் எங்கள் ஊர் வாய்க்காலை மழைக்கு முன்னால் ஊரே கூடித் தூர்வாரும். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். வந்தவருக்கு மதகுக் கல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு. முழுக்கோடு இருந்தால் அந்த வீட்டு வயலுக்கு முழு முறைத் தண்ணீர். பொடியன்கள் வந்தால் அரைக்கோடு, அரை முறை.

பக்கத்து வயல்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். மகன்கள் இருவரும் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறிவிட்டார்கள். அதனால் அவரே கூடையோடு வந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை சேறு சுமந்தார். நானோ வெயில் ஏறியதும் பனைமரத்தடியில் போய்ப் படுத்துவிட்டேன்.

வேலை முடிந்ததும், தண்ணீர் முறை வைக்கும் முறைகாரர் எனக்கு முழுக்கோடு இழுத்தார். பக்கத்து வயல்காரருக்கு அரைக்கோடு.

"ஏனுங்க, எனக்கு எதுக்குங்க அரை?" என்றார் அவர்.

"வயசான கட்டைங்க நீங்க. ஊட்டுல கஞ்சி குடிச்சுப்போட்டு சும்மா கெடக்காம, உங்களை ஆருங்க வரச்சொன்னது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அரை முறைத் தண்ணீர் அவருடைய வயலில் பாதிக்கு மேல் பாயாது. மீதி ராகி கருகினால் வருஷத்துச் சாப்பாடே போயிற்று.

"சரிங்க" என்றார். கரையில் கிடந்த சேற்றைக் கூடையில் அள்ளினார். வாய்க்காலுக்குள்ளேயே கொட்டினார். திரும்பி வந்து இன்னொரு கூடை அள்ளினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் முறைகாரர்.

"அரை ஆளுக்கு அரை வேலைதானுங்க. மிச்சத்தைத் திருப்பிப் போட்டுர்றனுங்க."

"அட, நிறுத்துங்க! வாய்க்கால் அடைஞ்சுபோயிருமுங்க!"

"அரை ஆளு போட்டா அடைஞ்சிருமுங்களா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. மதகுக் கல்லுக்குப் போய் என் கோட்டில் பாதியை எச்சில் தொட்டு அழித்தேன். "நான் பாதி நாள் தூங்குனேனுங்க. அரை எனக்குப் போடுங்க" என்றேன்.

முறைகாரர் முகம் கறுத்தது. "பாவம், போகுது" என்று சுண்ணாம்பை எடுத்தார்.

"பாவம் பாத்துப் போடறதுன்னா வேண்டாமுங்க" என்றார் பெரியவர். "கரையில கெடக்கற மண்ணைப் பாத்துப் போடுங்க."

முறைகாரர் கரையைப் பார்த்தார். பெரியவரின் அரைக்கோட்டை முழுக்கோடாக நீட்டினார்.

உடனே பெரியவர் வாய்க்காலில் இறங்கி, தான் கொட்டிய சேற்றையெல்லாம் மறுபடி வாரிக் கரையேற்றினார். கைகொடுக்க நான் இறங்கினேன். அந்த ஆண்டு அவர் ராகி கடைசி வரப்பு வரை பச்சையாக நின்றது.

ஆனால் என் கோபம் தீரவில்லை. மறு ஆண்டும் அவர் கூடையோடு வந்தபோது முறைகாரர் சுண்ணாம்புக் கையை இழுத்துக்கொண்டு, முழுக்கோடா அரைக்கோடா என்று யோசித்தார். ஒரு மனிதன் தான் முழு ஆள் என்று வருஷாவருஷம் ஊருக்கு நிரூபிக்க வேண்டுமா?